அம்புக்குறிக்குப் பின்னால்

போர் வரலாற்று நூல்களிற் காணப்படும் தேசப்படங்கள் யாவற்றுக்கும் ஒரு பொதுமை உண்டு. அவற்றிலே படைகள் அம்புக்குறிகளாகவே நகர்கின்றன. தடித்த அம்பொன்று கடற்கரையிலே புறப்படும், நதியைக் கடக்கும், நகரை வளைக்கும், எல்லையை எட்டும். அம்பின் கூர்முனை எவ்விடத்தில், எந்நாளில் நின்றது என்பதைப் படம் துல்லியமாகக் காட்டும். அது ஏன் நின்றது என்பதைக் காட்டுவதில்லை. எதிரி தடுத்தமையால் நின்ற அம்பும் எண்ணெய் தீர்ந்தமையால் நின்ற அம்பும் தாளிலே ஒன்றுபோலவே தோன்றும்.

1944ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியிற் பிரான்சின் கிழக்குப் பகுதியில் நின்றுபோன அம்பு இரண்டாவது வகையைச் சார்ந்தது. ஜெனரல் பற்றனின் தலைமையில் முன்னேறிய அமெரிக்க மூன்றாவது இராணுவம் மியூஸ் நதியை எட்டியிருந்தது. எதிரே ஜேர்மனியப் படைகள் நிலைகுலைந்து பின்வாங்கிக்கொண்டிருந்தன. ஆகஸ்ட் 30ஆந் திகதி அவ்விராணுவம் 4,00,000 கலன் பெற்றோல் கேட்டது. கிடைத்ததோ ஏறத்தாழ 32,000 கலன். தாங்கிகள் நின்றன. அவற்றை நிறுத்தியது எதிரியின் பீரங்கி அன்று; முந்நூறு மைல்களுக்கு அப்பால், கடற்கரையோரம், ஏற்றுவாரின்றிக் குவிந்து கிடந்த தகரங்களே அவற்றை நிறுத்தின. அந்த முந்நூறு மைல்களை இணைப்பதற்கெனப் பணிக்கப்பட்ட ஒரு போக்குவரத்துப் படையணியின் கதை, போர் வரலாற்றில் அம்புக்குறி பெறாத கதைகளுள் ஒன்று. அப்படையணியிற் பணிபுரிந்தோர் யாவர் என்பதை அறியும்போது, அம்புக்குறி ஏன் கிடைக்கவில்லை என்பதும் ஓரளவு விளங்கும்.

படைக்குச் சோறிடும் செயலைத் தமிழ் இலக்கணம் அறியாமல் இல்லை. வஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்றாகப் ‘பெருஞ்சோற்று நிலை’ தொல்காப்பியத்திற் சுட்டப்படுகின்றது. போர்மேற் செல்லும் வேந்தன் தன் வீரர்க்குப் பெருவிருந்து அளிக்கும் நிலை அது. பாரதப் போரில் இருதிறத்துப் படைகளுக்கும் உணவளித்தான் எனும் மரபினால் உதியஞ் சேரலாதன் என்னும் சேர வேந்தன் ‘பெருஞ்சோற்று’ என்ற அடைமொழி பெற்றான். ஆயின் இங்கும் புகழ் சோற்றை வழங்கிய கைக்கே உரியது. நெல்லைக் குற்றியோர், வண்டியிலேற்றியோர், எருது சோர்ந்த இடத்தில் மூடையைத் தோளில் எடுத்தோர் ஆகியோருக்குத் துறை வகுக்கப்படவில்லை. கொடை பாடப்பட்டது, சுமை பாடப்படவில்லை. இஃது எம்மவர்க்கு மட்டும் உரிய குறையன்று. ஏறத்தாழ எல்லா மொழிகளின் வீரயுகப் பாடல்களிலும் காணக்கூடிய மௌனம் இது.

மௌனத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. நெடுங்காலமாகச் சுமப்போர் படையின் உறுப்பினராகவே கருதப்படவில்லை. அவர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்ட வண்டிக்காரர். அல்லது வழியிலுள்ள கிராமங்களிலிருந்து தம் மாடுகளோடு பிடித்துவரப்பட்ட குடியானவர். படை பெரும்பாலும் தான் கடந்துசென்ற நிலத்தையே தின்று வாழ்ந்தது. ஐரோப்பாவில் இந்நிலையை மாற்றும் குறிப்பிடத்தக்க முயற்சியொன்று 1807இல் நிகழ்ந்தது. ஒப்பந்தக் கம்பனிகளின் வண்டிக்காரரை நம்பிப் பட்ட தொல்லைகளின் பின், நெப்போலியன் போக்குவரத்துக்கெனச் சீருடை அணிந்த படைப் பட்டாலியன்களை அமைத்தான். வண்டிக்காரன் சிப்பாய் ஆனான். ஆனால் 1812இல் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட படையுடன் நீமன் நதியைக் கடந்து ருஷ்யாவினுட் புகுந்தபோது, அவ்வண்டிகளால் அவனது வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. தீவனமின்றிக் குதிரைகள் முதற்சில வாரங்களிலேயே ஆயிரக்கணக்கில் மாண்டன. மொஸ்கோவின் பனி அப்படையை அழித்தது என்பது பள்ளிக்கூடப் பாடம். பனி விழுமுன்னரே கோடையின் புழுதியில் அழிவு தொடங்கிவிட்டது என்பது வழங்கற் கணக்கு கூறும் பாடம்.

பிரித்தானியர் இப்பாடத்தைக் கிரைமியாவிற் கற்றனர். 1854-55 மாரியில் அவர்களது படை செவஸ்தப்போல் நகரை முற்றுகையிட்டு நின்றது. பலக்ளாவாத் துறைமுகத்திற் கப்பல்கள் வந்து பொருள்களை இறக்கின. துறைமுகத்துக்கும் பாசறைக்கும் இடையே இருந்தது சில மைல் தூரமே. அச்சில மைல்களும் சேறாயின; சுமை விலங்குகள் இறந்தன; கரையிற் பண்டங்கள் அழுகிக்கொண்டிருக்க, மேட்டிற் சிப்பாய்கள் பசியாலும் குளிராலும் நோயாலும் மடிந்தனர். வறுக்கப்படாத பச்சைக் கோப்பிக் கொட்டைகள் அவர்களுக்குப் பங்கீடாக வழங்கப்பட்ட செய்தி, நிருவாக அறியாமைக்கு உதாரணமாக இன்றுவரை எடுத்தாளப்படுகிறது. அப்போரிற் குண்டினால் இறந்தோரிலும் நோயினால் இறந்த பிரித்தானியரே மிகப் பலர். 1855இல் அவசரமாகத் தரைப் போக்குவரத்துப் படை ஒன்று அமைக்கப்பட்டது. துறைமுகத்திலிருந்து மேட்டுக்குப் புகையிரதப் பாதையும் போடப்பட்டது. நவீன இராணுவங்களின் வழங்கற் படையணிகள் இத்தகைய தோல்விகளின் பிள்ளைகள் எனலாம். எவரும் முன்யோசனையால் அவற்றை ஆக்கவில்லை. பிணங்களை எண்ணிய பின்னரே ஆக்கினர்.

1944இன் நிலைமைக்கு வருவோம். ஜூன் 6ஆந் திகதி நேச நாட்டுப் படைகள் நோர்மண்டிக் கரையில் இறங்கின. திட்டம் நிதானமானது. தொண்ணூறாவது நாளளவிற் சீன் நதியை எட்டுவது. அங்கே சில காலம் தரித்து, துறைமுகங்களைச் சீர்செய்து, களஞ்சியங்களை நிரப்பி, பின்னர் ஜேர்மனியை நோக்கி நகர்வது. நடந்தது வேறு. ஏழு வாரங்கள் நோர்மண்டியின் வேலிகளுக்கிடையில் முடங்கிக் கிடந்த படைகள், ஜூலை இறுதியில் உடைத்துக்கொண்டு வெளியேறியதும் நிற்கவே இல்லை. ஆகஸ்ட் 25ஆந் திகதி பாரிஸ் விடுவிக்கப்பட்டது. அதன்பின் தரிக்க மனமின்றித் தொடர்ந்து ஓடிய படைகள், செப்டெம்பர் 12ஆந் திகதி ஜேர்மனிய எல்லையை எட்டின. திட்டத்தின்படி 260 நாட்களிற் கடக்க வேண்டிய தூரம் 19 நாட்களிற் கடக்கப்பட்டிருந்தது.

வெற்றியே நெருக்கடியாக மாறியது. முன்னேறிய டிவிஷன்கள் இருபத்தெட்டு. ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 700 முதல் 750 தொன் வரையிலான பொருள் தேவை. ஆகமொத்தம் ஏறத்தாழ 20,000 தொன். அப்பொருளிற் பஞ்சமில்லை. ஐரோப்பியக் கரையில் இறக்கப்பட்டிருந்தவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பங்கு நோர்மண்டிக் கடற்கரையை அண்டிய களஞ்சியங்களிலேயே கிடந்தது. அதனைக் கொண்டுசெல்லப் புகையிரதம் இல்லை. ஜேர்மனியர் தம் துணைப்படைகளை நோர்மண்டிக்குக் கொண்டுவராதிருக்கும் பொருட்டு, படையிறக்கத்துக்கு முன்னர் நேச நாட்டு விமானங்களே பிரான்சின் தண்டவாளங்களையும் பாலங்களையும் நொறுக்கியிருந்தன. எதிரியைத் தடுக்க வெட்டிய குழி இப்போது தம் வண்டியின் முன்னே கிடந்தது. எஞ்சியது தெரு ஒன்றே.

ஆகஸ்ட் 25ஆந் திகதி, பாரிஸ் நகரத்து வீதிகளிலே தாங்கிகளின் மீது மலர் தூவப்பட்ட அதே நாளில், நோர்மண்டியின் இடிந்த நகரான சென் லோவிலிருந்து முதலாவது லொறித்தொடர் புறப்பட்டது. ‘றெட் போல் எக்ஸ்பிரஸ்’ என்பது அச்சேவைக்கு இடப்பட்ட பெயர். அமெரிக்கப் புகையிரதத் துறையில், வழியிற் காத்திராது முன்னுரிமையுடன் செல்லும் சரக்குகளைச் சிவப்பு வட்டத்தாற் குறிக்கும் வழக்கிலிருந்து அது பிறந்தது. முன்னணி வழங்கற் பிரிவின் கீழியங்கிய மோட்டார்ப் போக்குவரத்துப் படையணியிடம் அதனை நடத்தும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

படையணி என்றதும் துவக்கேந்திய பட்டாலியன்களை எண்ணுதல் இயல்பு. இப்படையணியின் உறுப்புக்களோ லொறிக் கொம்பனிகள். அவற்றைச் சூழப் பல கைகள் வேண்டியிருந்தன. வீதிகளையும் பாலங்களையும் பேணப் பொறியியற் படையினர், சந்திகளில் நின்று வழிகாட்ட இராணுவப் பொலிசார், பழுதடைந்த வண்டியைத் தெருவோரம் இழுத்துத் திருத்த ரோந்து சென்ற பொறிவல்லார், களஞ்சியத்தில் ஏற்றுவோர், முனையில் இறக்குவோர். இவற்றுள் ஒரு கண்ணி தளர்ந்தாலும் முழுச் சங்கிலியும் தளரும். ஏற்றுமிடத்திற் கணக்கெழுதுபவன் தாமதித்த ஒரு மணித்தியாலம், நூறு லொறிகள் வீணே நின்ற ஒரு மணித்தியாலமாகும். முன்னணியிலே ஒருவனின் துணிவு ஒரு குன்றைக் கைப்பற்றக்கூடும். பின்னணியில் எவருடைய தனித்துணிவும் பயன் தராது. ஒழுங்கும் தொடர்ச்சியுமே பயன் தரும். காவியத்துக்கு ஒவ்வாத பண்புகள் இவை.

முறை எளிமையானது. சமாந்தரமாக அமைந்த இரு வீதிகள் தெரிவுசெய்யப்பட்டன. வடக்கு வீதியிற் சுமையேற்றிய லொறிகள் கிழக்கு நோக்கிச் செல்லும். தெற்கு வீதியில் வெறுமையானவை திரும்பும். இரண்டும் ஒருவழிப் பாதைகள். ஏனைய போக்குவரத்துக்கு அவற்றில் இடமில்லை. மணிக்கு 25 மைல் வேகம். வண்டிக்கு வண்டி 60 யார் இடைவெளி. முந்திச் செல்லுதல் கூடாது. ஒவ்வொரு மணித்தியாலமும் முடிவதற்குப் பத்து நிமிடம் இருக்கையில் யாவரும் நின்று இளைப்பாற வேண்டும். தொடக்கத்திற் பாதை ஷார்ட்ர் நகரை அண்டிய பகுதிவரை சென்றது. படைகள் முன்னேற முன்னேற அதுவும் பாரிசைக் கடந்து, முதலாவது இராணுவத்துக்காகச் சுவாசொன் வரையிலும், மூன்றாவது இராணுவத்துக்காகச் சொம்சூ வரையிலும் நீண்டது. அப்போது ஒருமுறை போய்வரும் தூரம் ஏறத்தாழ 600 மைலாயிற்று.

ஆகஸ்ட் 29ஆந் திகதி 132 கொம்பனிகளைச் சார்ந்த 5,958 வாகனங்கள் 12,342 தொன் பொருளை நகர்த்தின. சேவை நடைபெற்ற 81 நாட்களிலும் அந்த அளவு மீண்டும் எட்டப்படவில்லை.

எழுதப்பட்ட விதிகளுக்கும் இரவில் ஓடிய சில்லுகளுக்கும் இடையிலே வேற்றுமை இருந்தது. இரண்டரைத் தொன் லொறிகளில் அதனிலும் இரட்டிப்புச் சுமை ஏற்ற மேலிடமே அனுமதித்தது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியைச் சாரதிகள் கழற்றி வைத்தனர். மங்கிய விளக்கொளியில், அயர்வினாற் கண்கள் மூடிக்கொள்ள, முன்செல்லும் வண்டியின் சிறு ஒளிப்புள்ளியைப் பற்றிக்கொண்டு ஓட்டினர். நிறுத்தினால் நேரம் போய்விடும் என்பதற்காக, ஓடும் வண்டியிலேயே இரு சாரதிகள் இடம்மாறிக்கொண்ட கதைகள் பின்னாளில் அவர்களது நினைவுரைகளிற் சொல்லப்பட்டன. வீதியோரம் சிப்பாய்கள் உண்டு வீசிய உணவுத் தகரங்களின் விளிம்புகள் ரயர்களைக் கிழித்தன. செப்டெம்பர் மாதத்தில் மட்டும் மாற்ற வேண்டியிருந்த ரயர்கள் 55,000 வரையின. பெற்றோலைச் சுமந்த ‘ஜெரிக்கான்’ தகரமோ எதிரியின் ஆக்கம். ஜேர்மனியரைக் குறித்த பிரித்தானியப் பட்டப்பெயரே அதன் முன்னொட்டு. எதிரி வடிவமைத்த தகரத்திலே எண்ணெய் நிரப்பி, எதிரியைத் துரத்திச் சென்றனர்.

இச்சேவையைக் குறையற்ற வீரகாவியமாக்குதல் வரலாற்றுக்குச் செய்யும் நியாயமாகாது. அது மிகுந்த விரயமுடையது. பெற்றோல் கொண்டுசென்ற லொறிகளே நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் கலன் பெற்றோலைக் குடித்தன. பராமரிப்பின்றி ஓடிய வண்டிகள் ஆயிரக்கணக்கிற் சிதைந்தன. ஓய்வு கிடைக்கும் என்பதற்காகத் தம் வண்டியைத் தாமே பழுதாக்கியோர் இருந்தனர். வழியிற் பண்டங்கள் மறைந்து பாரிசின் கள்ளச் சந்தையில் வெளிப்பட்டன. புதிதாக வந்திறங்கிய மூன்று காலாட் டிவிஷன்களின் லொறிகள் எடுக்கப்பட்டுப் போக்குவரத்துக்கு விடப்பட்டமையால், அந்த டிவிஷன்கள் போருக்குச் செல்லவியலாது நோர்மண்டியிலேயே தங்கின. முன்னணிக்கு எத்தனை பேரை அனுப்புவது என்பதைப் பின்னணியின் சில்லுகள் தீர்மானித்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. மேலும், அவ்வண்டிகள் சோற்றோடு எறிகணைகளையும் சுமந்தன. சுமந்தவன் கொன்றவன் அல்லன். எனினும் கொலைக்கு அப்பாற்பட்டவனும் அல்லன். போரின் புகழிலே பங்கு கோருவோர் அதன் பழியிலும் பங்கு ஏற்கவேண்டியவரே.

ஆயினும் புகழ்ப் பங்கீட்டில் நிகழ்ந்த அநீதி வேறொரு வகையானது. அந்த லொறிகளின் சாரதிகளில் ஏறத்தாழ முக்காற் பங்கினர் அமெரிக்கக் கறுப்பினத்தவர்.

இது தற்செயலன்று. 1925ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவப் போர்க் கல்லூரி, போர்க்காலத்திற் கறுப்பின மனிதவலுவைப் பயன்படுத்துவது பற்றி ஓர் அறிக்கை தயாரித்தது. கறுப்பினத்தவர் அறிவிலும் துணிவிலும் குறைந்தோர் எனவும் தலைமைக்குத் தகுதியற்றோர் எனவும் அவ்வறிக்கை ‘ஆராய்ச்சி’ என்ற பெயரில் முடிவு கூறியது. இரண்டாம் உலகப் போரில் இராணுவம் அந்த மனப்பாங்குடனேயே ஆட்சேர்ப்பை நடத்தியது. கறுப்பினத்தவர் தனிப் பிரிவுகளில் ஒதுக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் துவக்குக்குப் பதிலாக மண்வெட்டியையும் மூடையையும் சுக்கானையும் பெற்றனர். கப்பலில் இறக்குதல், பாதை அமைத்தல், சமைத்தல், ஓட்டுதல், இறந்தோரைப் புதைத்தல் ஆகியன அவர்களுக்குரிய பணிகளாயின. அதிகாரிகளோ பெரும்பாலும் வெள்ளையர். இராணுவத்தின் கண்ணிற் பணி தாழ்ந்தது. ஆகையால் தாழ்ந்தோர் என்று கருதப்பட்டோர்க்கு அது கொடுக்கப்பட்டது. அவர்கள் அதனைச் செய்தமையாற் பணி மேலும் தாழ்ந்தது. சாதியமைப்பின் தர்க்கத்தை அறிந்த எம் போன்ற சமூகத்தவர்க்கு இவ்வட்டத்தை விளக்கவேண்டியதில்லை.

அவர்கள் எந்த நாட்டுக்காகச் சுமந்தனர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 1944ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘யாங்க்’ என்ற அமெரிக்க இராணுவச் சஞ்சிகை, கறுப்பினக் கோப்பிரல் ஒருவரின் கடிதத்தை வெளியிட்டது. நாட்டின் தென்பகுதியிலுள்ள புகையிரத நிலையமொன்றின் உணவகத்திலே, அவரும் அவரது தோழர்களும் பின்பக்கமாகச் சமையலறைக்குச் சென்றே உணவு பெறவேண்டியிருந்தது. அதேவேளை காவலருடன் வந்த ஜேர்மனியப் போர்க்கைதிகள் முன்மண்டபத்தில் மேசைகளில் அமர்ந்து உணவருந்தினர். சீருடை அணிந்த குடிமகனுக்கு மூடிய கதவு, அவனாற் சிறைப்பிடிக்கப்பட வேண்டிய எதிரிக்குத் திறந்திருந்தது. கடிதம் எழுப்பிய வினா எளிமையானது: நாம் எதற்காகப் போராடுகிறோம்? சஞ்சிகைக்குக் குவிந்த பதில்களுள் வெள்ளையினச் சிப்பாய்கள் பலர் எழுதிய ஆதரவுக் கடிதங்களும் இருந்தன. ஒரே அகழியில் இறக்கக்கூடியவர்கள் ஒரே மேசையில் உண்ணமுடியாமை அவர்களுட் சிலருக்கேனும் வெட்கமாகப்பட்டது.

இத்தகைய நாட்டின் இராணுவம், தன் வரலாற்றின் மிகத் துரிதமான முன்னேற்றத்தை, ‘தகுதியற்றோர்’ எனத் தான் எழுதிவைத்த மனிதரின் விழித்திருக்கும் கண்களில் ஒப்படைத்தது. முரண் அதுவே. துணிவற்றோர் எனப்பட்டோர், விமானத் தாக்குதல் நிகழக்கூடிய இருட்டில், எறிகணையும் பெற்றோலும் நிறைந்த வண்டிகளை ஓட்டினர். அறிவிற் குறைந்தோர் எனப்பட்டோர், அந்நிய நாட்டுத் தெருக்களில், மொழி தெரியாத ஊர்களினூடாக, நாளுக்கு நாள் இடம் மாறிக்கொண்டிருந்த முனையைத் தேடிக் கண்டடைந்தனர். அறிக்கையை எழுதியவர்கள் இதனைச் சோதனையாக ஏற்கவில்லை. ஏனெனில் லொறி ஓட்டுதல் அவர்களது அகராதியிற் போர்ச்செயல் அன்று. ஒருவனுக்குச் சோதனையே மறுக்கப்பட்டால் அவன் தேறுவது எங்ஙனம்?

நவெம்பர் 16ஆந் திகதி றெட் போல் சேவை நிறுத்தப்பட்டது. அதற்குள் அது 4,12,193 தொன் பொருளைச் சுமந்திருந்தது. புகையிரதப் பாதைகள் திருத்தப்பட்டன. செப்டெம்பர் 4ஆந் திகதியே கைப்பற்றப்பட்டும், ஷெல்ட் கழிமுகத்தில் எதிரி நின்றமையாற் பயனற்றுக் கிடந்த அன்ற்வேர்ப் துறைமுகமும் நவெம்பர் இறுதியிற் கப்பல்களுக்குத் திறந்தது. லொறிக் கொம்பனிகள் வேறு பாதைகளுக்கு மாற்றப்பட்டன.

கதை அங்கே முடியவில்லை. டிசெம்பரில் ஆர்டென் காடுகளில் ஜேர்மனியர் எதிர்பாராத தாக்குதலைத் தொடுத்தனர். அமெரிக்கக் காலாட்படை பேரிழப்புக்கு உள்ளாகியது. ஆள் பற்றாக்குறை கொள்கையை அசைத்தது. அறத்தின் குரலுக்கு அசையாதது எண்ணிக்கையின் குரலுக்கு அசைந்தது. வழங்கற் பிரிவுகளிலுள்ள கறுப்பினத்தவர் விரும்பினால் முன்னணிக் காலாட்படையிற் சேரலாம் என அறிவிக்கப்பட்டது. 1945 பெப்ரவரிக்குள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்வந்தனர்; இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஏற்கப்பட்டு, சிறு பிரிவுகளாக வெள்ளையினக் கொம்பனிகளுடன் இணைக்கப்பட்டனர். அதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனை ஒன்று உண்டு. சார்ஜன், கோப்பிரல் முதலிய பதவிகளில் இருந்தோர் அப்பதவிகளைத் துறந்து சாதாரணச் சிப்பாயாகவே வரவேண்டும். கறுப்பின சார்ஜன் ஒருவன் வெள்ளையினச் சிப்பாய்க்குக் கட்டளையிடும் நிலை தோன்றக்கூடாது என்பதே அதன் உட்பொருள். பலர் அதற்கும் இசைந்தனர். பல ஆண்டு உழைத்துப் பெற்ற கைப்பட்டிகளைத் தம் கையாலேயே அறுத்தெறிந்து, சம்பளக் குறைவையும் ஏற்று, இறக்கக்கூடிய இடத்துக்குச் சென்றனர்.

அக்காட்சியைச் சற்று நின்று நோக்கவேண்டும். அது வெறும் வீரம் அன்று. அதனுள்ளே ஒரு துயரமும் உண்டு. ஆறு மாதமாக அவர்கள் செய்த பணியின்றி அந்தப் போர் ஒரு நாளும் நடந்திராது. ஆனாலும், தாம் முழு மனிதர் என்பதை நிறுவுவதற்கு அப்பணி போதாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். சுமந்தது கணக்கில் வராது, சுட்டாலே வரும். தம்மை இழிவுபடுத்திய அளவுகோலையே அவர்கள் ஏற்க நேர்ந்தது. அந்த அளவுகோலின்படியும் அவர்கள் தேறினர் என்பதற்குச் சான்றுகள் உள. 1944 நவெம்பரிலிருந்து பற்றனின் படையிற் போரிட்ட 761ஆவது தாங்கிப் பட்டாலியன் கறுப்பினத்தவருடையது. அதற்குரிய ஜனாதிபதிப் பாராட்டு 1978இலேயே வழங்கப்பட்டது. 1948 ஜூலை 26ஆந் திகதி ஜனாதிபதி ட்ரூமன் ஆயுதப் படைகளிற் சமவாய்ப்பை அறிவித்த ஆணையில் ஒப்பமிட்டார். அவ்வாணைக்கு வழிகோலிய பல காரணங்களுள், போர்க்களத்தில் இவர்கள் விட்டுச்சென்ற சான்றும் ஒன்று.

1952ஆம் ஆண்டில் ‘றெட் போல் எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரிலேயே ஹொலிவூட் ஒரு திரைப்படத்தைத் தயாரித்தது. இளைஞரான சிட்னி பொய்ற்றியர் அதில் நடித்தார். ஆனாற் கதாநாயகன் வெள்ளையின லெப்டினன்ற். பெயர் எடுத்துக்கொள்ளப்பட்டது, பெயருக்கு உரியோர் ஓரத்துக்கு நகர்த்தப்பட்டனர். தேசப்படத்து அம்புக்குறி செய்ததையே திரைச்சீலையும் செய்தது.

இன்று அமெரிக்க இராணுவத்தில் எரிபொருள், உணவு, போக்குவரத்து, திருத்தவேலை ஆகியவற்றுக்கெனத் தனிப் படையணிகள் நிலையாக உள்ளன. வேறு பல நாடுகளிலும் அவ்வாறே. அதிகாரிகள் அத்துறையிற் பட்டமும் பயிற்சியும் பெறுகின்றனர். வழங்கல் என்பது போரின் பின்னிணைப்பு அன்று, அதன் அடித்தளம் என்பது பாடநூற் கூற்றாகிவிட்டது. ஆயினும் கொள்கையளவில் ஒரு பணியை மதிப்பது வேறு. அப்பணியைச் செய்யும் மனிதனை மதிப்பது வேறு. இராணுவத்துக்கு வெளியேயும் இவ்வேறுபாடு நிலவுகின்றது. மேடையில் நிற்பவன், மேடையைத் தூக்கிவந்தவன் என்ற பிரிவினை இல்லாத நிறுவனம் அரிது. ஒரு சமூகத்தின் தராதரப்பட்டியலை அறிய விரும்புவோர் அதன் வீரர்க்கு எழுப்பிய தூபிகளைப் பார்த்தாற் போதாது. சுமை எவர் தோளில் ஏற்றப்பட்டது, அத்தோள் எவ்வாறு தெரிவுசெய்யப்பட்டது என்பவற்றையும் வினவ வேண்டும்.

பெருஞ்சோற்று நிலையைத் துறையாக வகுத்தவர்கள், படை நடப்பதற்குச் சோறு வேண்டும் என்ற உண்மையை உணர்ந்தவர்கள். அந்த உணர்வு பெரிது. அதனை இன்னும் ஓரடி முன்னெடுத்துச் செல்லுதல் பின்வந்தோர் கடன். சென் லோவிலிருந்து கிழக்கே சென்ற இரு வீதிகளும் எந்தப் பள்ளிக்கூடத் தேசப்படத்திலும் தடித்த கோடாக வரையப்படுவதில்லை. வரையப்படுமாயின், மியூஸ் நதிக்கரையில் அம்பு ஏன் நின்றது என்பது மாணவனுக்கு விளங்கும். மறுபடி அதனை நகர்த்த எத்தனை இரவுகள் எவர் உறங்காதிருந்தனர் என்பதும் உடன் விளங்கும்.